மிதிவண்டிக்கு ஒரு பூட்டு

நாகப்பட்டினம் மாவட்டத்தின் ஊர்ப்புறச் சாலைகளில் காலை எட்டு மணியளவில் நின்று பார்த்தால், ஒரே அமைப்பும் ஒரே நிறமும் கொண்ட மிதிவண்டிகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். திருமருகல், கீழ்வேளூர், தலைஞாயிறு ஆகிய பகுதிகளில் வயல்களுக்கிடையே அமைந்த சிற்றூர்களிலிருந்து மாணவர்களைப் பள்ளிக்கோ, பேருந்து நிற்கும் முதன்மைச் சாலைக்கோ கொண்டு சேர்ப்பவை அவை. 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. 'விலையில்லா மிதிவண்டி' என்பது அதன் பெயர். விலை கொடாமல் பெற்றது என்பது ஒரு பொருள். விலைமதிக்க இயலாதது என்பது மற்றொரு பொருள். இரண்டாம் பொருளின் உண்மை, வண்டி காணாமற்போன அன்றுதான் விளங்கும்.

கடற்கரையை ஒட்டிய ஊரில் பணியாற்றிய காலத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அந்த நாள் வந்தது. பேருந்து நிறுத்தத்தின் புளியமரத்தடியில் காலையில் நிறுத்திச் சென்ற வண்டி மாலையில் அங்கில்லை. "பூட்டிவிட்டுத்தான் போனேன் ஐயா" என்றாள். அவள் சொன்னது மெய். பின்சக்கரப் பூட்டைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்திருந்தாள். ஆயினும் வண்டி போயிற்று. அதன்பின் ஐந்து கிலோமீட்டர் நடந்து வரவேண்டியிருந்ததால் மாலைச் சிறப்பு வகுப்புகளுக்கு அவள் வருவது நின்றது. பூட்டியும் ஏன் காக்க முடியவில்லை என்னும் அவளது வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூட்டு தருவது நேரமே

வாயிலை அடைக்கும் தாழும் அதனைத் திறக்கும் கோலும் தமிழர்க்குப் பழையவை. திறவுகோல் என்னும் சொல்லே அதற்குச் சான்று. இன்று நாம் வழங்கும் 'சாவி' போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. மேசை, அலமாரி, சன்னல் ஆகியனவும் அவ்வாறு வந்தவையே. 1658ஆம் ஆண்டு டச்சுக்காரர் கைப்பற்றும்வரை நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் வணிகம் செய்தனர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லின் பூட்டுகள் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. கையால் செய்யப்படும் அப்பூட்டுகளுள் மாங்காய் வடிவிலமைந்த மாங்காய்ப் பூட்டு பலரும் அறிந்தது. இவ்வகைப் பூட்டினுள் 'லீவர்' எனப்படும் மெல்லிய தகடுகள் வில்லின் விசையால் அழுந்தி நிற்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைக் குறித்த உயரத்திற்குத் தூக்கவேண்டும். ஒரு தகடு சற்றே தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் பூட்டு திறவாது.

இவ்வளவு நுட்பம் இருந்தும், திறக்கவே இயலாத பூட்டு என்று ஒன்றில்லை. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியின்போது, வெல்லற்கரியது எனப் போற்றப்பட்ட பிராமா பூட்டை ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் சாவியின்றித் திறந்தார். அதற்கு அவர் பதினாறு நாள்களில் 51 மணி நேரம் செலவிட்டார். பூட்டு தோற்றது உண்மை; ஆனால் எந்தத் திருடன் 51 மணி நேரம் தெருவில் அமர்ந்திருப்பான்? பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரமே. அந்நேரம் திருடனின் துணிவைவிடச் சற்று நீண்டதாக இருந்தால் போதும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

மூன்று வளையங்களைக் கொண்ட எண் பூட்டில் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள் அமையும். ஓர் எண்ணைச் சோதிக்க இரண்டு நொடி எனக் கொண்டால், அனைத்தையும் சோதிக்க 33 நிமிடங்களே ஆகும். நான்காவது வளையம் ஒன்று கூடினால் அது ஐந்தரை மணி நேரமாக உயர்கிறது. பிறந்த ஆண்டையே பூட்டின் எண்ணாக வைத்துக்கொள்வோர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர்தம் பூட்டு மூன்றாம் முயற்சியிலேயே திறந்துவிடும்.

சாவிப் பூட்டிற்கும் இதே கணக்கு உண்டு. ஒரு மலிவான பூட்டில் மூன்று தகடுகளும் ஒவ்வொன்றிற்கும் நான்கு உயர நிலைகளும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். 4×4×4, அதாவது 64 வகைச் சாவிகளே அமையும். ஒரு பள்ளியில் அத்தகைய பூட்டுடைய வண்டிகள் 200 இருப்பின், ஒருவர் சாவி மற்றொருவர் வண்டியைத் திறப்பது வியப்பன்று. வண்டிகளும் ஒன்றுபோலவே இருப்பதால், திருட்டு எண்ணமே இல்லாதவரும் பிறர் வண்டியை எடுத்துச் செல்ல நேரும். ஆதலின் பெயரையோ ஓர் அடையாளத்தையோ வண்டியில் எழுதிவைப்பது வீண்வேலையன்று.

எதனோடு பிணைப்பது?

பின்சக்கரப் பூட்டு சக்கரத்தைச் சுழலவிடாது, அவ்வளவே. ஆரக்கம்பிகளுக்கிடையே நுழையும் அதன் வளைகம்பி வண்டியை உருட்டிச் செல்வதைத் தடுக்குமே தவிர, தூக்கிச் செல்வதைத் தடுக்காது. என் மாணவியின் வண்டியைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் சென்றிருக்கக் கூடும். வண்டியை நிலையான ஒன்றோடு பிணைக்கும் இரண்டாம் பூட்டு வேண்டும்.

அவ்வாறு பிணைக்கக் கிடைப்பவற்றுள் நெகிழியுறை போர்த்திய கம்பிவடப் பூட்டு இலேசானது, விலை குறைந்தது. கம்பி வெட்டும் கருவிக்குச் சில நொடிகளில் இரையாவதும் அதுவே. கடினப்படுத்திய எஃகுச் சங்கிலி அதைவிட வலிமையானது, எடையும் மிகுதி. யு வடிவப் பூட்டு உறுதியானது எனினும் பருத்த தூணைச் சுற்றி வராது. விலையை மட்டும் நம்புவதும் பிழை. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் விலையுயர்ந்த யு வடிவப் பூட்டு ஒன்றைப் பந்துமுனைப் பேனாவின் நெகிழிக் குழாயால் திறந்து காட்டினர். விற்ற பூட்டுகளை அந்நிறுவனம் மாற்றித்தர நேர்ந்தது. பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள பற்சக்கர வண்டி வைத்திருப்போர், வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டிற்கு ஒதுக்குக என்று கூறுவதுண்டு. நம் பள்ளி வண்டிக்கு நடுத்தரச் சங்கிலியும் நல்ல திண்டுக்கல் பூட்டும் போதும் என்பது என் கருத்து.

சங்கிலியை முன்சக்கரத்தில் மட்டும் கோத்துவிட்டுச் செல்வோர் பலர். ஒரு ஸ்பேனரால் நட்டைக் கழற்றினால், சக்கரம் தூணோடு நிற்க, வண்டி போய்விடும். சங்கிலி வண்டியின் சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்தே வளைக்கவேண்டும். பிணைக்கும் தூண் மண்ணில் ஆழப் பதிந்ததா, மேலே உருவி எடுக்க இயலாதவாறு உயரமானதா என்றும் பார்க்கவேண்டும். மூங்கில் வேலியும் முருங்கைக் கிளையும் தூணாகா. பூட்டைத் தரையில் கிடத்தாதீர்; தரையே திருடனுக்குப் பட்டறைக் கல்லாகிச் சுத்தியல் அடியைத் தாங்கும். தொடர்வண்டி நிலையத்திலும் வேளாங்கண்ணித் திருவிழாக் காலத்திலும் சீட்டு வாங்கி நிறுத்தகத்தில் விடுவதே நன்று.

உப்புக் காற்று

நம் மாவட்டத்தில் திருடனுக்கு முன்பே பூட்டைத் தேடி வருவது துருவாகும். அக்கரைப்பேட்டையிலும் வேதாரண்யத்திலும் உப்புக் காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும். சாவி நுழையாத பூட்டை மாணவர் சலித்துக் கைவிடுவர். பூட்டாத வண்டி பிறகு தானே போய்விடும். எனவே உட்பகுதி பித்தளையாலான பூட்டைத் தேர்ந்தெடுப்பது இங்கு நலம். பித்தளை இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போது சாவித்துளை கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டினால் நீர் உட்புகாது.

பூட்டு இறுகினால் வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயை ஊற்றுவது நம் வழக்கம். முதல் நாள் நன்றாகவே திறக்கும். நாளடைவில் எண்ணெய் பிசுபிசுத்துப் புழுதியைப் பற்றிக்கொள்ளும். தையல் இயந்திரத்திற்கு இடும் மெல்லிய எண்ணெயில் இரு துளி போதும். பென்சில் கரியைப் பொடியாக்கித் துளையில் தூவினாலும் தகடுகள் வழுக்கி நகரும். ஆனால் எண்ணெய், பொடி இரண்டையும் சேர்த்து இட்டால் சேறாகிவிடும்.

வண்டி வந்த அன்றே சட்டகத்தில் பொறித்துள்ள எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. காவல் நிலையத்தில் புகார் அளிக்கையில் 'நீல வண்டி' என்று கூறுவதால் பயனில்லை. ஊரிலுள்ள வண்டிகள் யாவும் நீலம். என் மாணவியிடம் அந்த எண் இல்லை.

சில மாதங்களுக்குப் பின் அவள் தந்தை பழைய வண்டி ஒன்றை வாங்கித் தந்தார். புளியமரத்தடியை விட்டு, எதிரே தேநீர்க் கடையின் இரும்புத் தூணோடு, கடைக்காரர் கண்ணில் படும்படி அதனைச் சங்கிலியால் பிணைத்து வந்தாள். மாற்றுச் சாவி வீட்டில் அரிசிப் பானைக்குள் இருப்பதாக ஒருநாள் என்னிடம் கூறினாள்.