உண்டது எங்கே போயிற்று?

வயிற்றுப்போக்கு நின்று மூன்று வாரங்களாகின்றன. பசிக்கிறது, சாப்பிடுகிறீர்கள். ஆனால் சட்டை தொளதொளக்கிறது! ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறீர்களே, உண்ட சோற்றின் ஆற்றல் எங்கே போயிற்று?

முதலிரு நாட்களில் குறைந்தது பெரும்பாலும் நீரின் எடை. ஒரு லிட்டர் போனால் ஒரு கிலோ குறையும். உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடித்தால் அது விரைவில் திரும்பிவிடும். பிறகும் எடை குறைந்தால் சிறுகுடலைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் காஞ்சிபுரத்துப் பட்டைத் தடவிப் பாருங்கள்; வழவழப்பாக இருக்கும். டர்க்கித் துண்டிலோ ஆயிரக்கணக்கான நூல் வளையங்கள் நிற்கின்றன. அதனால்தான் அது நீரை நன்கு உறிஞ்சுகிறது. சிறுகுடலின் உட்சுவரும் துண்டின் இனமே. குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய நீட்சிகள் நிறைந்திருப்பதால் அதன் பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டர்! நோயில் அவை தேய்ந்தால் துண்டு பட்டாகிவிடுகிறது. ஆற்றல் அழியவில்லை, கழிவோடு போகிறது. நாள்தோறும் 250 கிலோகலோரி இப்படிப் போனால், மாதம் சுமார் ஒரு கிலோ உடற்கொழுப்பு கரையும்.

காஞ்சிக்கு மேற்கே, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில், 1960களின் தொடக்கத்தில் இத்தகைய நோய் கொள்ளைநோயாகவே பரவி உயிர்களையும் பறித்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கரும் மாதனும் அதை ஆராய்ந்தனர். 'வெப்பமண்டல ஸ்புரூ' என்பது அதன் பெயர். ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12, டெட்ராசைக்ளின் ஆகியவை இந்நோய்க்கு மருந்துகள்.

பெரும்பாலோருக்கு இவ்வளவு தூரம் போவதில்லை. குடற்சுவரின் செல்கள் சில நாட்களுக்கொரு முறை புதிதாகின்றன. சில வாரங்களில் குடல் தேறிவிடும். அதுவரை சிறிது சிறிதாக, பலமுறை உண்ணுங்கள். பால் வயிற்றை உப்பச் செய்தால் தயிர் நல்லது. வாரக்கணக்கில் வெறுங்கஞ்சிப் பத்தியம் வேண்டாம் (பாட்டி கோபித்தாலும் சரி!), பருப்பும் முட்டையும் சேரட்டும். வாரம் ஒருமுறை, அதே தராசில், அதே நேரத்தில் எடை பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் பேதி நீடித்தாலோ, இரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ, எடை தொடர்ந்து இறங்கினாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். எடை குறித்த தாளையும் கொண்டுபோங்கள்.