சேமித்து வைத்த பற்சில்லுப் பெட்டியைப் பூட்டுமுன் கறள் நீக்குதல்

கமக்காரர் லாண்ட்மாஸ்டர் என வழங்கும் இரு சில்லு உழவு இயந்திரத்தை வைத்திருப்போரிற் பலர், பழைய இயந்திரத்திற் கழற்றிய பற்சில்லுப் பெட்டியொன்றைக் கொட்டிலிற் சேமித்து வைப்பதுண்டு. ஓடும் இயந்திரம் பழுதுற்றபோது இதனை எடுத்துப் பூட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். எண்ணம் நன்றே. ஆயினும் நெடுநாட் கிடந்த பெட்டியை உள்ளே பாராது பூட்டுதல் பெருநட்டத்துக்கு இடமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், பெரும்போக விதைப்புக் காலத்திற் கமக்காரர் ஒருவர் இத்தகைய பெட்டியொன்றை எனக்குக் காட்டினார். வெளிப்புறம் துப்புரவாயிருந்தமையால் "பூட்டலாம்" என்று கூறியவன் நானே. மூன்றாம் நாள் வயலின் நடுவே போதிகையொன்று உடைந்து, அதன் துண்டுகள் பற்சில்லுகளிடையே அகப்பட்டன. திருத்தி முடியுமுன் மழை கடுத்தது. அவருடைய வயலில் ஒரு பகுதி அப்போகம் விதைக்கப்படவில்லை. மூடியைத் திறந்து பார்த்திருப்பின் அக்குறை அன்றே புலப்பட்டிருக்கும். அப்பிழையே இத்துண்டுப் பிரசுரத்தை எழுதத் தூண்டியது.

கறள் உண்டாகும் விதம்

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேருமிடத்துக் கறள் உண்டாகின்றது. பெட்டி மூடியிருப்பினும் அதன் மூச்சுத் துவாரம் வழியே காற்று உட்செல்லும். பகலிற் சூடேறி விரிந்த காற்று வெளியேற, இரவிற் குளிர்ந்தபின் ஈரக்காற்று உட்புகுந்து உலோகத்தின்மேற் பனித்துளியாய்ப் படியும். எண்ணெயில் மூழ்கிய பாகங்கள் தப்பும். எண்ணெய் வடிந்து வெறுமையாய் நிற்கும் மேற்பாகங்களே முதலிற் கறள் பிடிக்கும். கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்றும், கொட்டிலில் அருகே அடுக்கிய உர மூடைகளும் இதனை விரைவுபடுத்தும்.

கறள் வெறும் அழுக்கன்று. அது உதிர்ந்து எண்ணெயிற் கலக்கும்போது அரத்தாளின் பொடிபோலப் போதிகைகளைத் தேய்க்கும். போதிகையின் பாதையிற் சிறு குழி விழுந்தாலும், சுமையேற்றத்தில் அக்குழியின் ஓரம் செதிலாகப் பெயர்ந்து நாளடைவில் உடைவு உண்டாகும்.

பரிசோதித்தல்

1. பெட்டியின் வெளிப்புறத்தை நன்கு துடைத்தபின்னரே மூடியைத் திறக்கவும். அன்றேல் மண் உள்ளே விழும்.

2. அடிச்சுரையைக் கழற்றி எண்ணெயைத் துப்புரவான பாத்திரமொன்றில் வடிக்கவும். நீர் எண்ணெயிலும் பாரமானதாகையால் முதலில் வெளிவரும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. பளபளக்கும் துகள்கள் காணப்படின் உலோகம் தேய்ந்துள்ளது.

3. தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்கவும். இறுகியிருப்பின் சம்மட்டியால் அடித்தலும் இயந்திர வலுவால் இழுத்தலும் ஆகா. டீசலும் இயந்திர எண்ணெயும் சம அளவு கலந்து பெட்டியுள் ஊற்றி, ஒருநாள் ஊறவிட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைக்கவும்.

4. கறள் படிந்த இடத்தைத் துடைத்து நகத்தாற் கீறிப் பார்க்கவும். நகம் வழுக்கிச் சென்றால் அது மேற்கறை, நீக்கிவிடலாம். நகம் தடைப்படின் குழி விழுந்துள்ளது. பற்களின் தொடுமுகத்திற் குழியிருப்பின் அப்பற்சில்லை மாற்றுதலே தக்கது.

கறள் நீக்குதல்

பற்சில்லுகளின் மேற்கறையை மண்ணெண்ணெய் அல்லது டீசல் தோய்த்த துணியாலும் நைலோன் தூரிகையாலும் தேய்த்து நீக்கலாம். பெற்றோல் எளிதில் தீப்பற்றுமாதலால் இவ்வேலைக்கு அதனை உபயோகித்தல் கூடாது. கம்பித் தூரிகையை மூடிய பெட்டியுட் செலுத்தவேண்டாம். உதிரும் கம்பித் துண்டு போதிகையுட் சென்றுவிடும்.

ஆணி, சுரை, இரும்பு மூடி முதலியவற்றைத் தனியே கழற்றி வினாகிரியில் ஓரிரவு ஊறவைக்கலாம். பின்னர் ஒரு லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த நீரிற் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசவும். தாமதிப்பின் கறள் மீண்டும் படியும். போதிகைகள், விற்சுருள்கள், கடினப்படுத்திய பற்சில்லுகள் ஆகியவற்றை அமிலத்தில் இடலாகாது. அமிலம் உருக்கை நொறுங்குந் தன்மையதாக்கக்கூடும். பெட்டி அலுமினியத்தாலாயின் கோஸ்டிக் சோடாவும் ஆகாது. அது அலுமினியத்தை அரிக்கும்.

போதிகைகளை மண்ணெண்ணெயிற் கழுவி, உலர்த்தி, ஒரு துளி எண்ணெயிட்டு விரலால் மெல்லச் சுழற்றவும். மணல் அகப்பட்டாற்போல் கரகரப்பு உணரப்படின் கழித்துவிடுக. காற்றுக் குழாயால் ஊதி அதனைச் சுழலவிடுதல் ஆபத்தானது. எண்ணெய் சீல் தொடும் தண்டுப் பகுதியை மிக நுண்ணிய அரத்தாளால் தண்டைச் சுற்றியே தேய்க்கவேண்டும். நீளவாட்டிற் கீறினால் அக்கீறல்வழி எண்ணெய் ஒழுகும், வயல்நீரும் உட்புகும். பழைய சீல்களையும் பக்கிங்குகளையும் புதியனவாக மாற்றுக.

தன்னியக்கப் பெட்டிகள்

சில நான்கு சில்லு உழவு இயந்திரங்களிலும் மோட்டார் வாகனங்களிலும் உள்ள தன்னியக்கப் பெட்டி வேறு வகையானது. அதனுள் எண்ணெயமுக்கத்தால் இயங்கும் நுண்ணிய வால்வுகளும், உராய்வுப் பூச்சு ஒட்டிய கிளச்சுத் தட்டுகளும் உள்ளன. நீர் பட்டால் அப்பூச்சுக் கழன்றுவிடக்கூடும். வால்வுகளை அரத்தாளால் தேய்ப்பின் பொருத்தம் கெடும். ஆகவே உள்ளே கறள் காணப்படின் அனுபவமுள்ள வேலைத்தலத்திற் பிரித்துப் பார்ப்பித்த பின்னரே பூட்டவேண்டும்.

பூட்டி ஓட்டுதல்

துப்புரவான டீசலை ஊற்றி, தண்டைக் கையாற் பலமுறை சுழற்றி வடிக்கவும். தெளிவாக வடியும்வரை இதனைத் திரும்பச் செய்க. டீசலுடன் இயந்திரத்தை ஓட்டலாகாது. பின்னர் கைந்நூலிற் குறித்த எண்ணெயைக் குறித்த அளவுக்கு நிரப்பிப் பூட்டி, சுமையின்றிச் சிறிது நேரம் ஓட்டி, சூடாயிருக்கும்போதே அவ்வெண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றவும். எஞ்சிய துகள்கள் அதனுடன் நீங்கும்.

கழிவெண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றவேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையினூடாக அது நிலத்தடி நீரை எளிதிற் சென்றடையும்.

மீண்டும் சேமிக்கும்போது

பெட்டியை எண்ணெயால் முற்றாக நிரப்பி, மூச்சுத் துவாரத்தை எண்ணெய்த் துணியால் அடைத்து, சீமெந்துத் தரையிற் படாது பலகைமேல் வைத்துப் படங்கால் மூடுக. உர மூடைகளுக்கு அப்பால் வைத்தல் நன்று. மாதம் ஒருமுறை தண்டைச் சுழற்றுக. பூட்டுமுன் மிகை எண்ணெயை வடித்து, துணியை நீக்கவேண்டும் என்று சீட்டொன்றெழுதிப் பெட்டியிற் கட்டிவிடுக.

இவ்வேலைகளைச் சிறுபோக அறுவடை முடிந்த ஓய்வு நாட்களிற் செய்தல் சாலச் சிறந்தது. முதல் மழை விழுந்தபின் பெட்டியைத் தேடுவோர்க்கு, அதனைத் திறந்து பார்க்க நேரம் கிடைப்பதில்லை.