வீட்டை இழுக்கும் பாரவூர்தி



சென்ற தவணையில் எமது பாடசாலை மாணவன் ஒருவன் கைத்தொலைபேசிப் படமொன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்து காட்டினான். கனடாவில் பாரவூர்தி ஓட்டும் அவனது மாமா, அமெரிக்க நெடுஞ்சாலைத் தரிப்பிடம் ஒன்றில் எடுத்தனுப்பிய படம் அது. கொள்கலன்களை இழுக்கும் பெரிய வோல்வோ லொறித் தலை ஒன்று அதில் நின்றது. ஆனால் அதன் பின்னால் பூட்டப்பட்டிருந்தது கொள்கலன் அன்று. யன்னலும் திரைச்சீலையும் படிக்கட்டும் உடைய ஒரு வீடு. லொறித் தலைக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தட்டில் சிறிய கார் ஒன்றும் ஏறியிருந்தது. "ஒரு வீட்டை இழுக்க இவ்வளவு பெரிய லொறி எதற்கு? எங்கள் அப்பாவின் வானே இழுக்குமே!" என்று மாணவன் கேட்டான்.

அப்பாவின் வானும் இழுக்கும் என்பது உண்மையே. அந்த உண்மையை நம்பிச் சென்று நாம் ஒருமுறை பயந்து திரும்பிய கதை கீழே வருகின்றது. ஆகவே இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகின்றோம்.

வியா மக்வேதாவைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வளரும் எமது பிள்ளைகள் பெரிய லொறியை அருகில் காண்பது அரிது. 1600ஆம் ஆண்டளவில் அரசப் பிரதிநிதி மக்வேதா கோமகன் தம் பெயரால் திறந்த இவ்வீதியின் பெரும்பகுதி இன்று கால்நடையாகச் செல்வோருக்குரியது. ஒழுங்கைகளிலோ மூன்று சக்கர ஆப்பே வண்டிகளின் ஆட்சி. எனினும் துறைமுகத்திற்கு நடந்து சென்றால் வேறோர் உலகம் தெரியும். ஜெனோவாவிலிருந்தும் நேப்பிள்ஸிலிருந்தும் வரும் கப்பல்களில் தலையில்லாத றெயிலர்கள் வரிசையாக வந்திறங்கும். லொறித் தலையொன்று பின்புறமாக நகர்ந்து, றெயிலரின் மூக்கின் கீழ் புகுந்து, 'டக்' என்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும்.

அவ்வாறு பூட்டும் வட்டத் தட்டினை இத்தாலியர் 'ரல்லா' என்பர். ஆங்கிலேயர் 'ஐந்தாம் சக்கரம்' என்பர். குதிரைகள் இழுத்த நாற்சக்கர வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்காக அச்சுக்கும் உடலுக்கும் இடையே படுக்கையாக ஒரு வளையம் இருந்தது. அதுவே ஐந்தாவது சக்கரம். றெயிலரின் அடியில் உள்ள தடித்த ஆணி இத்தட்டின் நடுவிலுள்ள பிளவில் விழுந்து பூட்டப்படும். இப்பூட்டு வண்டியின் பின் நுனியில் தொங்கும் கொக்கியைப் போன்றதன்று. லொறியின் பின்னச்சுக்கு நேர் மேலாகவோ சற்று முன்னாகவோ அமைவதால், றெயிலரின் பாரத்தில் ஒரு பங்கு லொறியின் முதுகிலேயே இறங்குகின்றது. பியாஜ்ஜியோ நிறுவனம் 1961இல் ஆப்பே வண்டிக்கே இத்தகைய பின்பெட்டி பூட்டி, ஐந்து சக்கரங்களுடன் 'பென்தரோ' என்ற பெயரில் விற்றது என்றால் எமது ஒழுங்கைப் பிள்ளைகள் சிரிப்பார்கள்!

இன்னொரு வேடிக்கை. சரக்கேற்றும் செமி றெயிலரின் கதையே ஓர் உல்லாசப் பயணத்தில் தொடங்கியது எனலாம். 1914இல் டெட்ரோயிட் நகர மரவியாபாரி பிரெடெரிக் சிப்லி, தமது படகைக் கோடைகால ஏரிக்குக் கொண்டுசெல்ல ஒரு வண்டி செய்து தருமாறு ஓகஸ்ட் புருகாப் என்னும் கொல்லரைக் கேட்டார். புருகாப் செய்த வண்டியை ஒரு போர்ட் கார் இழுத்துச் சென்றது. அது நன்றாக ஓடவே, மரம் ஏற்றவும் அப்படியொன்று வேண்டுமென்றார் சிப்லி. புருகாப்பின் பெயர் பின்னர் அமெரிக்கா முழுவதும் றெயிலர்களில் எழுதப்பட்டது. விமான முன்னோடி கிளென் கேர்ட்டிஸ் 1920களின் இறுதியில் 'ஏரோகார்' என்னும் இழுவை வீட்டைச் செய்தார். அவர் அதைக் காரின் பின்பகுதியில் படுக்கவைத்த காற்றடைத்த ரயர் ஒன்றின் நடுவே பூட்டினார். ஆகவே பாரவூர்தியின் பூட்டை வீட்டிற்கு இடும் எண்ணம் புதியதன்று.

இனிப் பாரத்தின் கணக்கிற்கு வருவோம். ஊரில் மாட்டு வண்டி கண்ட பெற்றோர்களுக்கு இது எளிது. வண்டியில் மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் 'முன்பாரம்'. நுகம் மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் 'பின்பாரம்'. நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி நேரே ஓடும். றெயிலரின் விதியும் இதுவே. அமெரிக்காவில் கொக்கியில் இழுபடும் றெயிலருக்கு மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் இருக்கவேண்டும் என்பர். ஐந்தாம் சக்கரத்தில் பூட்டும் வீடுகளுக்கு இது பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு. அங்குள்ள பெரிய இழுவை வீடுகள் 12 மீற்றருக்கு மேல் நீளமும், பொருள்களோடு 8, 9 தொன் எடையும் கொண்டவை. 9 தொன்னில் ஐந்திலொரு பங்கு எனினும் 1,800 கிலோகிராம் இழுக்கும் வண்டியின் முதுகில் ஏறிவிடும். பெரிய பிக்கப் வண்டியும் இதைச் சுமக்கலாம். ஆயினும் அதன்பின் குடும்பத்திற்கும் எரிபொருளுக்கும் கருவிகளுக்கும் எஞ்சும் இடம் சொற்பமே.

இப்போது எமது கதை. சில வருடங்களுக்கு முன் இரு குடும்பங்கள் சேர்ந்து, தெரிந்தவர் ஒருவரிடம் இரவலாகப் பெற்ற பழைய ரூலோட்டுடன் செஃபலு கடற்கரைக்குப் புறப்பட்டோம். சந்தைக்குப் பொருள் ஏற்றும் சிறு வான் அதை இழுத்தது. மறு குடும்பம் காரில் பின்தொடர்ந்தது. அரிசி மூட்டை, தண்ணீர்க் கலன்கள், எரிவாயு உருளை, பெரிய சமையற் பானைகள் யாவற்றையும், பின்கதவு வசதியாக இருந்ததால், ரூலோட்டின் பின்புறத்திலேயே அடுக்கினோம். நெடுஞ்சாலையில் மேம்பாலம் ஒன்றைக் கடக்கும்போது பக்கக் காற்று அடித்தது. ரூலோட் பாம்புபோல் இடமும் வலமும் நெளியத் தொடங்கியது. வானின் பின்புறத்தையும் சேர்த்து இழுத்தது. வானை ஓட்டிய சாரதி பிறேக்கை அழுத்தாமல், சுக்கானை நேராகப் பிடித்தபடி, வேகமூட்டியிலிருந்து காலை எடுத்தார். அது அறிவினால் அன்று, பயத்தால் கால் தானே எழுந்தது என்று அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். செய்யவேண்டியதும் அதுவேதான். பலமாகப் பிறேக் பிடித்திருந்தால் இரண்டும் மடிந்து கவிழ்ந்திருக்கலாம்.

தரிப்பிடத்தில் நிறுத்தினோம். பின்னால் காரில் வந்த பெரியவர், கிளிநொச்சியில் இளமைக்காலத்தில் மாட்டு வண்டி விட்டவர், இறங்கி வந்து ரூலோட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பின்பாரம். அரிசியையும் தண்ணியையும் அச்சுக்கு நேர கொண்டு வாங்கோ" என்றார். அவ்வாறே செய்தோம். மிகுதித் தூரம் ரூலோட் சொன்னபடி கேட்டது.

பாரம் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம். வன்னியில் உழவு இயந்திரம் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பெட்டிக்குத் தனிப் பிறேக் இல்லாத வண்டி குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பெட்டி முன்னால் உள்ள இயந்திரத்தைத் தள்ளும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கூரைத் தகடுகளையும் கதவுகளையும் பாய் தலையணைகளையும் அப்பெட்டிகளில் ஏற்றி, ஊர் ஊராக வீட்டையே இழுத்துச் சென்றவர்கள் எமது பெற்றோர்களிடையே உள்ளனர். இழுவை வீடு என்ற சொல் அவர்களுக்கு விடுமுறையை நினைவூட்டாது. பிள்ளைகள் கேட்டால் அவர்கள் சொல்லுவார்கள், கேளுங்கள்.

நிறுத்துதலின் அருமையை ஒரு கணக்கால் காட்டலாம். 8 தொன் லொறித் தலையும் 10 தொன் வீடும் எமது பெல்லெகிரினோ மலையிலிருந்து 400 மீற்றர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். காற்றும் சக்கர உராய்வும் எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டு, முழுவதையும் பிறேக் மட்டுமே தாங்குமாயின், அங்கு பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 200 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சாந்தா ரொசாலியா குகைக்கோவிலுக்குப் பேருந்தில் ஏறி இறங்கும் எம்மில் எத்தனை பேர் அந்த வளைவுகளில் இதை எண்ணிப் பார்த்திருப்போம்? அளவுக்கு மீறிச் சூடேறிய பிறேக் பிடிமானத்தை இழந்துவிடும்.

டீசல் எஞ்சின் அமைப்பாளர் கிளெஸி கம்மின்ஸ் 1931இல் லொறியொன்றில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது கலிபோர்ணியாவின் காஹோன் கணவாய் இறக்கத்தில் இதே நிலைக்கு ஆளானார். பிறேக் செயலற்றது, அடிவாரத்தில் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது ஒரு ரயில். அது கடந்து முடிந்ததும் மயிரிழையில் தப்பினார். அந்நினைவு அவரை விடவில்லை. முதுமையில் அவர் வகுத்த எஞ்சின் பிறேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சைக்கிள் பம்பை அடிக்கும்போது காற்று கையை எதிர்க்கின்றதல்லவா? அவ்வாறே உருளைக்குள் காற்றை அமுக்குவதற்கு எஞ்சின் உழைக்கவேண்டும். அமுங்கிய காற்று மீண்டும் விரிந்து எஞ்சினைத் தள்ளுமுன் வெளியேற்றும் வாயில் திறந்து அதை விட்டுவிடும். எஞ்சினின் உழைப்பு வீணாகும், வண்டி மெதுவாகும். சக்கரப் பிறேக்குகள் சூடேறாமல் அவசரத்திற்கென்று காத்திருக்கும்.

மாமாவின் படத்திலிருந்த லொறிக்கு வருவோம். 36 தொன் மொத்தப் பாரத்துடன் மலைகளைக் கடப்பதற்கென்றே செய்யப்பட்ட தலை அது. காற்றுப் பிறேக்கும் எஞ்சின் பிறேக்கும் அதற்குண்டு. 9 தொன் வீடு அதற்கு ஒரு பொருட்டன்று. சரக்கு நிறுவனங்கள் பல இலட்சம் மைல் ஓட்டிக் கழித்த தலைகளை ஓய்வுபெற்றோர் வாங்கி மாற்றியமைக்கின்றனர். பின்னச்சுகள் இரண்டில் ஒன்றைக் கழற்றி விடுவோர் உண்டு; இருக்க விடுவோரும் உண்டு. சரக்கு றெயிலரின் பாரத்திற்கென அமைந்த விறைப்பான பூட்டு மெலிந்த வீட்டை உலுக்கிச் சிதைத்துவிடும் என்பதால், காற்றுப் பைகளின்மேல் மிதக்கும் பூட்டினை இடுவர். லொறியின் பிறேக் காற்றினால் இயங்க, வீட்டின் பிறேக் மின்சாரத்தினால் இயங்குவதால், ஒன்றின் கட்டளையை மற்றொன்றுக்கு உணர்த்தும் கருவி வேண்டும். சாரதி உறங்கும் கட்டில் ஏற்கெனவே உள்ளது. வீட்டை ஓரிடத்தில் நிறுத்தியபின் கடைக்குப் போக இப்பெரிய வண்டி உதவாது ஆகையால், முதுகில் ஒரு சிறு காரையும் ஏற்றிக்கொள்கின்றனர். எரிபொருள் செலவும் ரயர் விலையும் திருப்ப இடமின்மையும் இதன் குறைகள். எனினும் மலையிறக்கத்தில் நிம்மதியாகச் சாய்ந்து ஓட்டலாம் என்பதற்காகவே பலர் இதைத் தேர்கின்றனர். எமது கருத்தும் அதுவே; ஆடம்பரம் என்று இதை ஒதுக்க மாட்டோம்.

அப்படியே இத்தாலிக்குக் கொண்டுவரலாமா? ஐரோப்பாவில் வண்டியின் உயரம் 4 மீற்றருக்கும் அகலம் 2.55 மீற்றருக்கும் மேற்படலாகாது. அமெரிக்கப் பெரிய வீடுகளோ 4.1 மீற்றர் உயரமும் 2.59 மீற்றர் அகலமும் வரை கொண்டவை. சில சென்ரிமீற்றரால் தோற்றுவிடும்! இங்கு லொறிகளின் பின்னே வீட்டை இழுத்து வாழ்வோர் சர்க்கஸ் குடும்பங்களும் இராட்டினம் சுழற்றுவோருமே. அவர்களது தொழிலின் சமூகப் பயனை 1968ஆம் ஆண்டின் 337ஆம் இலக்கச் சட்டம் ஏற்றுள்ளது. லொறியில் றெயிலர் இழுக்க அதற்குரிய சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். எம்மிற் பலரிடமுள்ள 'பதெந்தே பி' போதாது. மேலும், ஓடிக்கொண்டிருக்கும் ரூலோட்டினுள் எவரும் இருத்தலாகாது. பிள்ளைகள் உள்ளே படுத்துறங்கட்டும் என்று எண்ணும் அம்மாமார் இதைக் கவனிக்கவும்.

பெற்றோர்களே, உங்கள் வண்டியின் லிப்ரெத்தோவை எடுத்துப் பாருங்கள். 'ஓ.1' என்ற குறியீட்டின் எதிரே உள்ள எண், பிறேக் உள்ள றெயிலரை எத்தனை கிலோகிராம் வரை இழுக்கலாம் என்பதைக் கூறும், 'ஓ.2' பிறேக் இல்லாததற்கு. செஃபலுவிலிருந்து திரும்புமுன் பெரியவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க நாமும் பார்த்தோம். வானின் பத்திரத்தில் 1,100 என்றிருந்தது. ரூலோட்டின் தகட்டிலோ 1,300. அரிசியை எங்கே நகர்த்தினாலும் அந்த இருநூறு குறையாது.

தகுந்த வண்டி உள்ள ஒருவரை அழைத்து ரூலோட்டை உரியவரிடம் சேர்ப்பித்தோம். இப்போது கோடையில் செஃபலுவுக்கு ரயிலில் போகின்றோம். பானைகளைத் தூக்குவதுதான் சிரமம்.