ஒற்றை நத்தை போதும்

ஒரு மிளகளவுதான் இருக்கும். பழுப்பு நிறத்தில், திருகித் திருகி மேலேறும் கூம்பு ஓடு. நியூசிலாந்து சேற்று நத்தை என்று பெயர். 1987-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஸ்நேக் ஆற்றில் இதைக் கண்டார்கள். பத்தாண்டுக்குள் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஆறுகளுக்கும் வந்துவிட்டது. அந்த வட்டாரத்து ஓடையொன்றில் சதுர மீட்டருக்கு 5 லட்சம் வரை மொய்த்தன. கல் எது, நத்தை எது என்று பிரித்துப் பார்க்க முடியாத நெருக்கம். அங்கே விளைந்த பாசியில் முக்கால் பங்கை இவையே தின்று தீர்த்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே பாசியை நம்பியிருக்கும் நீர்ப்பூச்சிகளுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

இவ்வளவு பெருக்கத்துக்கு ஆண் நத்தை தேவைப்படவில்லை என்பதுதான் திகைக்க வைக்கிறது. அமெரிக்க ஓடைகளில் இருப்பவை அநேகமாக எல்லாமே பெண்கள். இணை சேராமலே தாயின் நகலாகக் குட்டிகள் உருவாகி, ஓட்டோடு வெளியே வருகின்றன. ஒரே ஒரு நத்தை வந்து சேர்ந்தால் போதும், ஓடை நிறைந்துவிடும்.

தாய்நாட்டில் கதையே வேறு. நியூசிலாந்து ஏரிகளில் ஆணும் பெண்ணும் கூடிப் பெருகும் நத்தைகளும் உண்டு. அங்கே ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்கள் நத்தைக்குள் புகுந்து அதை மலடாக்கிவிடும். புழுத்தொல்லை மிகுந்த இடங்களில்தான் ஆண்கள் அதிகம் என்று உயிரியலாளர் கர்ட்டிஸ் லைவ்லி காட்டினார். நகல்களை வீழ்த்தப் புழுவுக்கு ஒரு வழி தெரிந்தால் போதும். கலந்து பிறந்தவை ஒவ்வொன்றும் வேறு வேறு. அந்த ஆய்வு வெளியானதும், ஸ்நேக் ஆற்றில் நத்தையைக் கண்ட அதே 1987-ல்தான். கடல் தாண்டிய நத்தையை அடக்க அந்தப் புழுக்கள் கூட வரவில்லை.

மீன் தின்று குறைக்கும் என்று நம்பவும் வழியில்லை. டிரவுட் மீன் விழுங்கியதும் நத்தை தன் ஓட்டின் மூடியை இறுக்கிக்கொள்கிறது. வயிற்றைக் கடந்து பல நத்தைகள் உயிரோடு வெளியேறுகின்றன. இதை மட்டுமே தின்னும் மீன் இளைத்துப்போகிறது.

ஓடைக்கு ஓடை இதைச் சுமந்து செல்வதில் தூண்டில்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஈரப் பூட்ஸின் அடியில், கயிற்று மடிப்பில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நிறைந்துவிட்ட ஓடையிலிருந்து மற்ற உயிர்களைக் கொல்லாமல் இதை மட்டும் அகற்ற வழி இல்லை. ஆகவே காவலைக் காலணியில்தான் போட வேண்டியிருக்கிறது. பூட்ஸைச் சேறு போகத் தேய்த்து, இரவு முழுக்க உறைபெட்டியில் வைக்கிறார்கள். அன்றைக்கே அடுத்த ஓடைக்குப் போகிறவர்கள் வண்டியில் வேறொரு ஜோடி வைத்திருக்கிறார்கள்.