கேட்பதோடு முடிகிறதா சபையாரின் வேலை?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். “சர்ச்சில் ஐயர் பிரசங்கம் பண்ணுகிறார், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், அவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா?” என்றுதானே கேட்டீர்கள்?

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளை வைத்தே சொல்கிறேன். பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். அதற்குப் பொறுப்பு குருவானவர்; ஊரார் வாயில் ‘ஐயர்’. திருவிருந்து கொடுக்க அவர்தான் வர வேண்டும். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊரிலும் அவரால் நிற்க முடியுமா? அதனால் ஊரோடு இருந்து ஆராதனை நடத்தவும், வீடு வீடாகப் போய் ஜெபிக்கவும் ஒருவர் வேண்டும். அவர்தான் உபதேசியார், இப்போது சபை ஊழியர் என்கிறார்கள். அந்தக் காலத்தில் பல ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியாரும் அவரே. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் சபைகள் ஊர் ஊராய்ப் பெருகியதில் இந்த உபதேசியார்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, சபையார்? சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்து, பிடியரிசிக் காணிக்கையாகக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, பாடகர் குழுவில் பாடுவது, அசனம் என்னும் சபை விருந்தில் பந்தி பரிமாறுவது எல்லாம் சம்பளமில்லாத கைகள்தான். வரவு செலவைப் பார்க்கும் சேகரக் கமிட்டியிலும் சபையார் உண்டு. தேர்தல் வந்தால் மட்டும் சபை ஞாபகம் வருகிறவர்களும் உண்டு, அதை மறைப்பானேன்?

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் ஆட்களை அனுப்ப இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அப்போது குருவானவர் அல்ல, ஒய்.எம்.சி.ஏ. செயலர். பின்பு 1912இல் தோர்ணக்கல் பேராயரானார்; ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அங்கே ஞானஸ்நானம் பெற்ற ஏழைக் கூலியாட்களிடமும் அவர் எதிர்பார்த்தது, நற்செய்தியை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பதைத்தான்.

எபேசியருக்கு எழுதிய நிருபத்திலும் இதே கணக்குதான்: மேய்ப்பரும் போதகரும் கொடுக்கப்பட்டிருப்பது விசுவாசிகளை ஊழியத்துக்குத் தயார்படுத்த. எல்லா ஊழியத்தையும் தாமே செய்து முடிக்க அல்ல.

கேட்பதும் சும்மா இருப்பதல்ல. பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் வேதத்தை எடுத்துவைத்துச் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, மெச்சுகிறது. ஆகவே போதிக்கிறவர் தம் வார்த்தைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சபையார் அதை வேதத்தோடு ஒத்துப்பார்க்கக் கடமைப்பட்டவர்கள். ஐயர்மார் சில வருஷத்தில் மாற்றலாகிப் போவார்கள். ஊரில் இருந்து சபையை நடத்த வேண்டியவர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.