முற்றத்தில் நிற்கும் பழைய கெப்: பூச்சு முதலா, பிரேக் முதலா?

வாப்பா காலத்துக் கெப் வண்டியொன்று முற்றத்து மூலையில் கறள் பிடித்து நிற்கும் வீடுகள் எமது ஊர்களில் ஏராளம். ஒரு காலத்தில் வயலுக்கு உரமும், சந்தைக்கு மீனும், கல்யாண வீட்டுக்குச் சட்டி பானையும் ஏற்றிய வண்டி அது. விற்க மனமில்லை, ஓட்டவும் முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் இத்தகைய வண்டிகளுக்குப் புதிய மதிப்பு வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், வரியோடு சேர்ந்து வரும் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாக்கனிதான். எனவே, "இருப்பதைத் திருத்தி எடுப்போம்" என்று பலர் முடிவெடுப்பதில் வியப்பில்லை.

நல்ல முடிவுதான். ஆனால் வேலையின் வரிசை பிழைத்துவிடுகிறது. முதலில் பளபளக்கும் பூச்சு, பிறகு அகன்ற டயர், இருக்கை உறை, பாட்டுப் பெட்டி. சேமித்த காசு அத்தோடு தீர்ந்துவிடும். பிரேக் வேலை "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப்போகும். அந்த வண்டியில்தான் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்குகிறோம் என்பதை மறந்துவிடலாமா?

முதற்படி: பதிவுப் புத்தகம்

ஒரு சதம் செலவழிப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா? வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். எஞ்சினை மாற்றுவதோ நிறத்தை மாற்றுவதோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் ஏறவேண்டிய விடயங்கள். கறளைச் சுரண்டும்போது செசி இலக்கம் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

செசியைத் தட்டிப் பாருங்கள்

1968இல் ஜப்பானில் வெளிவரத் தொடங்கிய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு ஏணி வடிவிலான செசிதான் முதுகெலும்பு. முன் அறையும் பின் தட்டும் அதன்மேல் ஆணிகளால் பூட்டப்பட்டவை. ஆணிகளைக் கழற்றிவிட்டால், நான்கைந்து பேர் சேர்ந்து பின் தட்டைத் தூக்கி ஒதுக்கிவிடலாம். அப்போதுதான் உண்மை நிலை தெரியும்.

சிறு சுத்தியலால் செசி நெடுகிலும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். ஸ்பிரிங் பூட்டியிருக்கும் இடங்களையும் சேறு தேங்கும் மூலைகளையும் விசேடமாகக் கவனியுங்கள். கல்முனை, புத்தளம், பேருவளை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று உள்ளிருந்தே அரித்துவிடும். உக்கிய இடத்தைப் புட்டியால் நிரப்பிப் பூச்சடிப்பது புண்ணின்மேல் பவுடர் பூசுவதற்கு ஒப்பானது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்து, கைதேர்ந்த வெல்டிங் பாஸ் ஒருவரைக் கொண்டு ஒட்டுவிக்க வேண்டும்.

நிற்கத் தெரியாத வண்டி ஓடக்கூடாது

அடுத்தது பிரேக். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 'டொட் 3' ரக ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டாலோ அந்த அளவு 140 பாகைக்கு இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேற, ஒயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதித்தால் கால் அடிவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே பழைய ஒயிலை முழுவதும் அகற்றுங்கள். ரப்பர் குழாய்களையும் சீல்களையும் புதிதாகப் போடுங்கள். மிகப் பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே பிரேக் வழிதான். ஒரு குழாய் வெடித்தால் எல்லாமே போய்விடும்.

டயரையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாமல் இருந்தாலும் வெடிப்பு விழுந்த டயர் வேண்டாம்.

எஞ்சினும் உதிரிப்பாகமும்

பல வருடம் நின்ற எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். தாங்கியிலுள்ள பழைய எண்ணெயை வடித்துவிடுங்கள். பெற்றோல் எஞ்சினென்றால் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, கையால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். 2002இல் எமது நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மொரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேய எஞ்சின்களுக்குக் கடினமான வால்வு இருக்கைகள் போடுவது நல்லது.

உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். கழித்த பாகங்களை வாங்கிப் பூட்டலாம்; பிரேக் பாகங்களை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்

வீட்டு முற்றம் கராஜ் அல்ல என்பதை மறக்கவேண்டாம். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் கனத்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சீமெந்துக் கல் திடீரென நொறுங்கும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். எனவே ஈரமாக்கியே தேயுங்கள்; பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். பெற்றோல் தாங்கியை வீட்டில் ஒட்டவே கூடாது. வெறுமையான தாங்கியில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது. கடினமாக்கி கலந்து விசிறும் பூச்சு நுரையீரலுக்குக் கேடு. அதைப் பூச்சுக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

கடைசியில் அழகு

இவ்வளவும் முடிந்தபின் உங்கள் விருப்பப்படி அழகுபடுத்தலாம். பின் தட்டுக்குப் பலகை, மழைக்குக் கூடாரம், முன் இருக்கைகளுக்கு உறுதியான இடத்தில் பூட்டிய பாதுகாப்புப் பட்டி ஆகியவை பயனுள்ள மாற்றங்கள். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினால் அதிக பாரம் ஏற்றலாம் என்பது தப்பெண்ணம். வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் பழைய அளவுக்கே தாங்கும். அளவுக்கு மீறிப் பெரிய சில்லுகளும் அப்படியே; திருப்பத்தில் உடம்பில் உரசும், பிரேக்குக்குச் சுமை கூடும்.

வேலையைத் தொடங்குமுன் வீட்டாரோடு கலந்துபேசி ஒரு கொப்பியில் கணக்கெழுதுங்கள். செசி, பிரேக், ஸ்டீயரிங், டயர், எஞ்சின், வயரிங், பிறகே பூச்சு என்று வரிசைப்படுத்துங்கள். காசு இடையில் தீர்ந்தாலும் கவலையில்லை. பூச்சில்லாத, ஆனால் நம்பிக்கையான வண்டியொன்று உங்களிடம் இருக்கும். ஊரார் கண்ணுக்கு அது பழைய கெப்பாகவே தெரியட்டும். வீட்டாரைப் பத்திரமாக வீடு சேர்த்தால் அதுவே போதும்.