சமையல் மேடைக்கு எந்தக் கல்?

காய் நறுக்குவதற்கும், மாவு பிசைவதற்கும், சூடான குக்கரை இறக்கி வைப்பதற்கும், சில வீடுகளில் தேங்காய் உடைப்பதற்கும்கூட ஒரே சமையல் மேடை நாள்தோறும் பயன்படுவதால், அதற்கான கல்லை நிறத்தையும் சதுர அடி விலையையும் மட்டும் பார்த்து வாங்குவது பின்னாளில் வருத்தத்தையே தரும். ஒரு கல் எலுமிச்சைச் சாற்றைத் தாங்குமா, எண்ணெயை உறிஞ்சுமா, கத்தி பட்டால் கீறல் விழுமா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவை அதில் அடங்கியுள்ள கனிமங்களே. கடைக்காரர் சொல்லும் பெயரிலிருந்து இவற்றில் எதையும் உறுதியாக அறிய முடியாது. ஏனெனில், கல் வணிகத்தில் கடினமாகவும் பளபளப்பு ஏறக்கூடியதாகவும் உள்ள ஏறக்குறைய எல்லாப் பாறைகளும் கிரானைட் என்ற ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன.

நிலவியலாளர் கிரானைட் என்று அழைப்பது, பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகியதால் உருவான, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய மணிகளைக் கொண்ட பாறையை மட்டுமே. அதில் கண்ணாடித் துண்டு போலத் தோன்றும் குவார்ட்ஸ், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நிறமுள்ள ஃபெல்ட்ஸ்பார், காக்காப்பொன் என்று ஊர்ப்புறத்தில் அழைக்கப்படும் மைக்கா ஆகியவை பின்னிக் கிடக்கும். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் மென்மையான டால்க் 1 என்றும் வைரம் 10 என்றும் குறிக்கப்படுகின்றன. அவ்வளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, சமையலறைக் கத்தியின் எஃகு ஏறத்தாழ ஐந்தரை என்ற இடங்களைப் பெறுவதால், கிரானைட் மேடையில் நேரடியாக நறுக்கினால் கல்லைவிடக் கத்தியின் கூர்தான் விரைவில் மழுங்கும். மேடையில் சில சமயம் தென்படும் சாம்பல் நிறக் கோடுகளும் பெரும்பாலும் கீறல்கள் அல்ல. அலுமினியப் பாத்திரமோ எஃகுப் பாத்திரமோ உரசும்போது கல்லின் மேல் ஒட்டிக்கொண்ட உலோகப் பூச்சே அப்படித் தெரிகிறது.

பளிங்கும் கடப்பாக் கல்லும் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆந்திரத்தின் கடப்பா, கர்நூல் பகுதிகளில் வெட்டப்படும் கடப்பாக் கல் நுண்ணிய மணிகள் கொண்ட சுண்ணாம்புக்கல்லாகும். அதே வகைச் சுண்ணாம்புக்கல் மண்ணுக்கடியில் பெரும் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ளாகி மறுபடிகமானால் பளிங்காகிறது. இரண்டிலும் முதன்மையான கனிமம் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 3 மட்டுமே. ஆனால் சமையலறையில் இக்கற்களின் உண்மையான பலவீனம் மென்மையைவிட அமிலத்திடம்தான் வெளிப்படுகிறது. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் ஆகிய ஒவ்வொன்றும் கால்சைட்டைச் சிறிது கரைத்து, கரியமில வாயுவை வெளியேற்றி, பளபளப்பான பரப்பில் மங்கலான ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. ரசத்துக்குப் புளி கரைத்த கிண்ணத்தைக் கால்மணி நேரம் மெருகேற்றிய பளிங்கின் மேல் வைத்து எடுத்தால், கிண்ணத்தின் அடிவிளிம்பு அங்கே வட்டமாகப் பதிந்திருக்கும். அது கறை அன்று, கல்லின் மேல்பரப்பே அரிக்கப்பட்ட காயம் என்பதால் எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது.

பளிங்கு தண்ணீரை அதிகமாக உறிஞ்சும், கிரானைட் உறிஞ்சவே உறிஞ்சாது என்ற பரவலான எண்ணமும் திருத்தப்பட வேண்டியதாகும். கட்டுமானக் கற்களுக்கான அமெரிக்கத் தரநிலைகள் பளிங்கு தன் எடையில் 0.20 விழுக்காடு வரையிலும், கிரானைட் 0.40 விழுக்காடு வரையிலும் நீரை உறிஞ்சலாம் என்று வரம்பிடுகின்றன. ஆகவே புளியும் எலுமிச்சையும் தயிரும் புழங்காத நாளே இல்லாத தமிழ்ச் சமையலறைக்குப் பளிங்கு ஏற்றதன்று என்பதற்குக் காரணம் அதன் வேதியியல்தான். அதே பளிங்கு பூசை அறை மாடத்தில் தலைமுறைகளுக்கு அழகு குன்றாமல் இருக்கும். கடப்பாக் கல்லின் நிலை சற்று மாறுபட்டது. மெருகு ஏற்றாத கடப்பாவில் அமிலத் தடம் அவ்வளவாகக் கண்ணில் படாது, விலையும் குறைவு. எனவே மேடைக்கு அடியில் தாங்கு பலகையாகவும் அலமாரித் தட்டாகவும் அதனைப் பயன்படுத்துவது இன்றும் அறிவார்ந்த வழக்கமே.

கிரானைட் என்ற பெயரில் கிடைக்கும் கற்களுள் கறுப்பு நிறத்தவை தனியே எடுத்துப் பேசத் தக்கவை. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பகுதியில் வெட்டப்படும் குன்னம் கறுப்பு, பழைய பாறையின் வெடிப்புகளுக்குள் பாறைக்குழம்பு புகுந்து சுவர் போல இறுகிய டோலரைட் என்னும் பாறை வகையைச் சார்ந்தது. ஒங்கோலுக்கு அருகிலுள்ள சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியில் விண்மீன் போல மின்னும் பொன்னிறப் புள்ளிகள், பலரும் நினைப்பதுபோலத் தங்கமோ செம்போ அல்ல. அவை பிரான்சைட் என்னும் இரும்புச் சத்துள்ள கனிமத்தின் தகடுகளாகும். இவ்வகைப் பாறைகளில் குவார்ட்ஸ் மிகக் குறைவாக இருப்பதால் நிலவியல் நோக்கில் இவை கிரானைட்டே அல்ல. ஆயினும் மணிகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் எண்ணெயும் நீரும் உள்ளே செல்ல இடமில்லை. சமையல் மேடைக்கு இவற்றை விஞ்சிய இயற்கைக் கல் கிடைப்பது அரிது என்றே கூறலாம்.

இந்த நற்பெயரே ஒரு மோசடிக்கும் வழிவகுத்திருக்கிறது. சாம்பல் நிறமுள்ள மலிவான கல்லுக்குச் சாயமோ எண்ணெயோ ஏற்றி, அதனை முழுக் கறுப்பு என்று விற்பவர்களும் உண்டு. சில மாதங்களில் சாயம் வெளுத்து, எலுமிச்சைச் சாறு சிந்திய இடங்களிலெல்லாம் சாம்பல் திட்டுகள் தோன்றும்போதுதான் வாங்கியவருக்கு உண்மை தெரியவரும். வெள்ளைத் துணியில் அசிட்டோனை, அதாவது நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் இருக்கும் கரைப்பானை நனைத்துக் கல்லின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் கருமை ஏறினால் அந்தக் கல்லைத் தவிர்த்துவிடலாம்.

வெளிர் நிறக் கற்களில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. காஷ்மீர் வெள்ளை என்று விற்கப்படும் கல்லுக்கும் காஷ்மீருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது மதுரைக்கு அருகிலுள்ள மேலூர் வட்டாரத்துக் கல். வெண்மையான பரப்பில் சிறு செம்புள்ளிகளாகத் தெரியும் கார்னெட் மணிகள் அதற்கு அழகு தந்தாலும், அதன் நுண்துளைகள் எண்ணெயையும் மஞ்சளையும் எளிதில் உள்வாங்குகின்றன. கிருஷ்ணகிரிப் பகுதியின் பாரடைஸோ போன்று ஊதா, சாம்பல், கறுப்பு அலைகள் கலந்தோடும் கற்களிலோ, சிறு கறைகள் விழுந்தாலும் அந்த நெளிவுகளுக்கு இடையே தெரியாமல் போகும் என்பது நடைமுறையில் பெரிய வசதியாகும்.

ஒரே பெயருள்ள கல் குவாரிக்குக் குவாரி, ஏன் பாளத்துக்குப் பாளம்கூட மாறுபடும் என்பதால், வாங்கப்போகும் பாளத்திலிருந்தே ஒரு சிறு துண்டைக் கேட்டுப் பெற்று வீட்டில் சோதித்துப் பார்ப்பதுதான் மிக நம்பகமான வழி. துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு நல்லெண்ணெய், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைத் தனித்தனியே விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடைக்க வேண்டும். தண்ணீரோ எண்ணெயோ இருந்த இடம் கருத்துத் தெரிந்தால் கல் உறிஞ்சக்கூடியது. எலுமிச்சை இருந்த இடம் பளபளப்பை இழந்தால் கல்லில் கால்சைட்டோ மேற்பூச்சோ சாயமோ இருக்கிறது. பாளத்தை வெயிலில் சாய்வாகப் பார்த்து, வெடிப்புகளில் பிசின் நிரப்பி மெருகேற்றியிருக்கிறார்களா என்பதையும் கவனிக்கலாம். பிசின் நிரப்புவது தொழிலில் இயல்பான ஒன்றுதான் என்றாலும், நீண்ட வெடிப்பு ஒன்று சிங்க் வரவேண்டிய இடத்தில் ஓடுமானால் அந்தப் பாளம் வேண்டாம்.

கல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பதிக்கும் விதம் தவறினால் பயனில்லை. சமையல் மேடைகள் உடைவது பெரும்பாலும் சிங்க்குக்கும் அடுப்புக்கும் துளை அறுத்த இடங்களில்தான்; அங்கே முன்புறமும் பின்புறமும் இரண்டு, மூன்று அங்குல அகலத்துக்கு மெல்லிய கல் மட்டுமே எஞ்சுகிறது. துளையின் மூலைகளைக் கூராக அறுத்தால் அழுத்தம் அந்த மூலைகளில் குவிந்து விரிசல் தொடங்கும் என்பதால், மூலைகளில் முதலில் வட்டமாகத் துளையிட்டுவிட்டுப் பிறகு நேராக அறுக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டைகளுக்குக் கீழே தாங்கு பலகை அமைவதும் அவசியம். இணைப்புகளை வெள்ளைச் சிமென்ட்டால் பூசுவதைவிடக் கல்லின் நிறத்துக்கேற்ற எப்பாக்ஸியால் நிரப்புவது சிறந்தது, ஏனெனில் சிமென்ட் எண்ணெயையும் அழுக்கையும் ஈர்த்து ஓராண்டுக்குள் கருத்துவிடும். கல்லின் கனம் 18 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கட்டும். தேங்காயை மட்டும் மேடையில் உடைக்காமல் இருப்பது எல்லாக் கற்களுக்கும் நல்லது.

கல்லை அறுக்கும் இடத்தில் எழும் வெண்தூசி பற்றி வீடு கட்டுவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. குவார்ட்ஸ் உள்ள கல்லை உலர்ந்த நிலையில் அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கி, மீளாத தழும்புகளை உண்டாக்குகின்றன. சிலிகோசிஸ் என்னும் இந்நோய்க்கு முழுமையான குணம் இல்லை. குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு சேர்த்து ஆலையில் வார்க்கப்படும் செயற்கைக் கற்பலகைகளில் சிலிக்கா மிக அதிகம் என்பதால், இளம் தொழிலாளர்கள் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அவற்றைத் தடை செய்தது. இயற்கைக் கிரானைட்டில் அளவு குறைவே ஆனாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அறுக்கும் சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கவும், தரமான முகக்கவசம் அணியவும் வீட்டுக்காரர் வலியுறுத்துவதோடு, அதற்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கான கூலியையும் கொடுப்பதே முறை.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் வேண்டாதவற்றைச் செய்யாமல் இருப்பதே. பாத்திரம் துலக்கும் மிதமான திரவத்தைத் தண்ணீரில் சில சொட்டுகள் கலந்து, மென்மையான துணியால் துடைத்து, பின்னர் ஈரம் இல்லாமல் உலர்த்தினால் போதும். வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலம், கம்பி நார் ஆகியவற்றை மேடைக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது. துருக்கறை நீக்கும் சில திரவங்களில் உள்ள ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கிரானைட்டையே அரிக்க வல்லது. உறிஞ்சும் தன்மையுள்ள வெளிர் நிறக் கற்களுக்குச் சீலர் என்னும் காப்புத் திரவம் பூசப்படுகிறது. அது மேலே படலமாகப் படியாமல் நுண்துளைகளுக்குள் சென்று எண்ணெயும் நீரும் இறங்குவதைத் தாமதப்படுத்துகிறதே தவிர, அமிலத்திலிருந்து பளிங்கைக் காப்பதில்லை. நெருக்கமான கறுப்புக் கல்லில் உள்ளே செல்ல வழியில்லாத சீலர் மேலேயே தங்கி மங்கலான படையாகிவிடுவதால், கடைக்காரர் வற்புறுத்தினாலும் அதற்குப் பூச வேண்டியதில்லை.

ஊறிவிட்ட எண்ணெய்க் கறையை வெளியே இழுக்க எளிய முறை ஒன்று உண்டு. சமையல் சோடாவைப் பாத்திரம் துலக்கும் திரவத்தோடு பசை போலக் குழைத்து, கறையின் மேல் கால் அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டுவிட்டு, பிறகு தாளை எடுத்துப் பசையை உலரவிட வேண்டும். உலரும்போது பசை எண்ணெயைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். பழைய கறைக்கு இதனை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். மஞ்சள் கறைக்கு இந்தப் பசை ஆகாது, ஏனெனில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தன்மையில் செந்நிறமாகி மேலும் பயமுறுத்தும். அந்நிறப்பொருள் ஒளியில் சிதையக்கூடியது. எனவே ஜன்னல் வெயில் விழும் இடத்துக் கறை தானாகவே நாளடைவில் வெளுத்துவிடும். போர்த் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாயடியைச் சுற்றி வெண்மையாகப் படியும் உப்பை அமிலம் ஊற்றிக் கரைப்பதைவிட, ஈரமாக்கிச் சவர பிளேடைக் கல்லோடு படுக்கையாகப் பிடித்து மெல்லச் சுரண்டி எடுப்பதே பாதுகாப்பானது. குளித்த உடலைத் துவட்டுவது போல ஒவ்வொரு இரவும் குழாயடியை உலரத் துடைத்தால் அந்த வேலையும் வராது.

சூடான பாத்திரத்தால் கிரானைட்டுக்கு உடனடித் தீங்கு நேர்வதில்லை என்றாலும், கல்லின் ஓரிடம் மட்டும் திடீரென்று விரிவடைவது பழைய வெடிப்புகளுக்கும் எப்பாக்ஸி இணைப்புகளுக்கும் நல்லதன்று. அடுப்புப் பக்கத்தில் ஒரு பிரிமணை இருந்தால் இந்தக் கவலை இல்லை. சிங்க்குக்காக அறுத்தெடுத்த கல் துண்டைத் தொழிலாளர்கள் குப்பையோடு கொண்டுபோய்விடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புதிய துப்புரவுத் திரவத்தையும் சீலரையும் மேடையில் பயன்படுத்துமுன் அந்தத் துண்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.